மனாமாவில் கடிகாரங்கள் ஒலிக்காத ஒரு மணி நேரம்

2004 அக்டோபரிலிருந்து பஹ்ரைனில் மனாமா கடைவீதியிலுள்ள எஸ்ராவின் கடிகாரக் கடையில் தினமும் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை சத்தம் என்பதே கிடையாது. சுவரில் நாற்பத்தொரு கடிகாரங்கள் ஓடின, ஏசி ஓடியது, வாசலில் ஹாரன் அடித்தார்கள். ஒன்றும் காதில் விழவில்லை. எஸ்ரா பாக்தாதிலிருந்து வந்த யூதக் குடும்பத்தில் மூன்றாம் தலைமுறை. பிரார்த்தனைக்கு முன் ஒரு மணி நேரம் கண்மூடி வெறுமனே காத்திருப்பது யூதர்களில் சில பக்திமான்களின் பழைய வழக்கம். மனைவி இறந்த அந்த அக்டோபரில் அவரும் தினமும் ஐந்து மணிக்கு அப்படி உட்கார ஆரம்பித்தார். பிரார்த்தனையில் நாம் பேசுகிறோமே, அதற்கு முன் ஆண்டவன் பேச இடம் விட வேண்டாமா என்பார்.

கடையில் பழுது பார்ப்பவர் கீழக்கரை சதக்கத்துல்லா. முதல் நாள் டிக்டிக் அடங்கியதும் கடிகாரங்கள் நின்றுவிட்டன என்று நினைத்து, முள்ளைப் பார்க்காமல் வரிசையாகச் சாவி கொடுத்தார். சாவி அதிகமாகி ஏழு கடிகாரங்களில் ஸ்பிரிங் அறுந்தது, அறுந்ததும் கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடம் காதை வைத்தே வேலை செய்தவருக்குத்தான் அந்தத் தப்பு வரும். போகப்போக வீதி பழகிக்கொண்டது. எதிர்த் துணிக்கடை ரெங்கராஜ் தலைவலிக்கு அங்கே வந்து உட்காருவார். பத்து வருடமாகப் பேச்சு வார்த்தையில்லாத தம்பி, மதுரையில் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டது ஒருநாள் அவர் காதில் தெளிவாக விழுந்தது. உள்ளே போனவர்களெல்லாம் இதையே சொன்னார்கள்: அங்கே கேட்பது, யாரோ சொல்லாமல் வைத்திருப்பது மட்டும்தான்.

2006 பிப்ரவரியில் சதக்கத்துல்லாவின் மகள் ஹிஃப்ஸாவுக்கு துபாய் மாப்பிள்ளை ஒருவர் அமைந்தார். கல்லூரி இரண்டாம் வருடத்தோடு படிப்பை நிறுத்த வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஊரில் மனைவி அஸ்மத் பீவியும் அவர் தம்பிமாரான சாச்சாமாரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். உங்க இஷ்டம் என்றாள் ஹிஃப்ஸா. வியாழன் மாலை சதக்கத்துல்லா எஸ்ராவின் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் மனசிலிருப்பது ஒன்றும் காதில் விழவில்லை. ஐந்தரைக்குப் பொறுமை போய், கடை ஃபோனிலிருந்தே வீட்டுக்குப் போட்டார்.

மௌனம் ஒயர் வழியே கீழக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. கூடத்தில் பேசிக்கொண்டிருந்த ஒன்பது பேரின் வாயும் அசைந்தது, குரல் வரவில்லை. அஸ்மத் பீவி ஒரு தட்டைக் கீழே போட்டுப் பார்த்தார், தட்டும் ஒலிக்கவில்லை. சுவரோரம் வாய் மூடி நின்ற ஹிஃப்ஸாவின் குரல் மட்டும் அங்கேயும் மனாமாவிலும் ஒரே நேரத்தில் கேட்டது.

"எனக்கு இப்போ கல்யாணம் வேணாம் வாப்பா. நான் படிக்கணும்."

சதக்கத்துல்லா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார். எஸ்ரா கண் திறக்கவில்லை. கடையில் ஆறு மணி ஆகும் வரை இரண்டு ஊரிலும் யாரும் இடத்தை விட்டு அசையவில்லை. பிறகு அஸ்மத் பீவியின் குரல் வந்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்ப மாப்பிள்ளை வீட்டுக்கு நான் சொல்லிக்கிறேன்."

மூத்த சாச்சா தொண்டையைச் செருமிக்கொண்டு, தேத்தண்ணி கிடைக்குமா என்று கேட்டார்.