போட்டுக்கொடுத்தவள்

செவ்வாய்க்கிழமை மதியம், சுகர் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க, இன்சூரன்ஸ் கம்பெனியின் நர்ஸ் போன் செய்வாள். காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, பஸ்ஸை எங்கள் வீட்டுக்கு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, பள்ளி பஸ் டிரைவரான என் கணவன் வெண்டெல் சாப்பிட உட்காருகிற நேரம். கூப்பிடுவது அவள், ஆனால் நாம் யார் என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். பெயரைச் சொல், பிறந்த தேதியைச் சொல். அது பொருந்தினால்தான் அடுத்த பேச்சு. என் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு என்னையே யார் என்று கேட்பது மாதிரி இருக்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெண்டெலுக்குக் கோபம் வராது. அவனுக்குப் பயம். இன்சூரன்ஸுக்குப் பணம் கட்டுவது பள்ளி நிர்வாகம். அதனால் நர்ஸிடம் சொல்வதும் நிர்வாகத்தின் காதில் ஓதுவதும் ஒன்றுதான் என்று டிப்போவில் எல்லா டிரைவர்களும் சத்தியம் செய்வார்கள். யாரோ ஒரு டிரைவர் நெஞ்சு வலிக்கிறது என்று அவளிடம் உளறிவிட்டு அடுத்த வாரமே சாவியைத் திருப்பிக் கொடுத்தானாம். அவன் பெயர் என்ன என்று கேட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது.

ஆகவே ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு வாரா வாரம் புளுகுவான். தலை சுற்றியதா, இல்லை. சுகர் இறங்கியதா, இல்லவே இல்லை. சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் கண்ணடிக்கிற நிலையில் இல்லை. கார் ஷெட்டில் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது, ஆனால் நான் யார் என்று தெரியவில்லை. பேரனின் பிறந்தநாள் கேக்குக்கு வாங்கிய கிரீமை விரலால் எடுத்து அவன் ஈறில் தடவித்தான் எழுப்பினேன். நினைவு வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, யாரிடமும் மூச்சு விடாதே என்பது.

இன்சுலின் ஊசியை ஆரம்பித்தபோதே டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சுகர் இறங்கி, இன்னொருவர் வந்து எழுப்புகிற நிலை ஒரே ஒரு தடவை வந்தாலும், அவர் மறுபடி பார்த்துச் சரி என்று சொல்கிறவரை பஸ்ஸைத் தொடக் கூடாது. வெண்டெல் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடித் தொழிற்சாலையை மூடியபிறகு இரண்டு வருடம் சோபாவில் கிடந்தவன். இந்த பஸ் வந்தபிறகுதான் காலையில் முகம் மழிக்க ஆரம்பித்தான். மலைமேல் இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் அவனைத் தெரியும். அதை எப்படி விடுவான்?

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்குவாரிக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு இறக்கம், ஒரு பக்கம் தடுப்பே கிடையாது. பிள்ளைகளோடு அவன் அதில்தான் இறங்க வேண்டும். கண்ணை மூடினால் அந்த இறக்கம்தான். டிப்போக்காரர்கள் சொல்வதுபோல் அந்த நர்ஸ் உளவாளியாகவே இருக்கட்டும், அவளே கண்டுபிடித்துச் சொல்லித் தொலைக்கட்டும், பழி என் தலையில் விழாமல் காரியம் முடியட்டும் என்று வேண்டிக்கொண்டேன். வெட்கம்தான். ஆனாலும் வேண்டிக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவன் ஊசியைப் போட்டுக்கொண்டு, தட்டைத் தொடாமல் எழுந்து போனான். பஸ்ஸில் ஒரு சிவப்பு விளக்கு எரியவில்லையாம். முட்டைக்கோஸ் போட்டு வதக்கிய நூடுல்ஸ் ஆறிக் கிடந்தது. இரண்டு தடவை கூப்பிட்டேன். ஒருவழியாக அவன் உள்ளே வரவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது.

நர்ஸின் பெயர் ரெனாட்டா. வழக்கம்போல் பிறந்த தேதியைக் கேட்டாள். வெண்டெல் சொன்னது எங்கள் கல்யாணத் தேதி. இத்தனை வருடத்தில் நான் ஞாபகப்படுத்தாமல் அந்தத் தேதி அவன் வாயில் வந்ததே கிடையாது.  அவள் மறுபடி கேட்டாள். அவன் அதையே கத்திச் சொன்னான்.

"மன்னிக்கணும் சார், பொருந்தல. இதுக்கு மேல நான் பேச முடியாது," என்றாள்.

"நல்லதாப் போச்சு. எனக்கும் வேலை இருக்கு," என்று எழுந்தான். நெற்றியெல்லாம் வேர்வை. ஜாக்கெட்டில் ஒரு கையை மட்டும் நுழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நான் போனைப் பிடுங்காத குறையாக எடுத்து, வைத்துவிடாதீர்கள் என்றேன். யார் என்று கேட்டாள். பெண்டாட்டி என்றேன். அவரைப் பற்றிப் பேசலாம் என்று அவர் அனுமதி கொடுத்தவர்களில் உங்கள் பெயர் இல்லை, என்னால் எதுவும் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வேன் என்றாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ஞாயிற்றுக்கிழமை நடந்தது, இப்போது நடப்பது, பிள்ளைகளைக் கூட்டிவரக் கிளம்புகிறான் என்பது. ஜன்னல் வழியாக அவன் தெரிந்தான். கிளம்புமுன் பஸ்ஸைச் சுற்றிவந்து டயரையும் விளக்கையும் பார்ப்பது அவர்கள் வழக்கம். அன்றைக்கு ஒரு கையால் பஸ்ஸைத் தடவிக்கொண்டே சுற்றினான்.

"டிப்போவுக்கு நீங்களே சொல்லிடுங்க," என்றேன். "எப்பவும் சொல்றதுதானே?"

"மேடம், நாங்க நிர்வாகத்துக்கு யாரப் பத்தியும் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. சொல்லவும் கூடாது." அவள் குரல் இறங்கியது. "சுகர் இருக்கிற யாருக்கும் பொதுவாச் சொல்றேன். உடனே ஜூஸ் குடுங்க. முடியலன்னா ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க. டிப்போ நம்பர் உங்ககிட்டயே இருக்கும்ல?"

இத்தனை நாள் பூச்சாண்டி காட்டிய உளவாளி, உளவாளியே இல்லை. அந்த நேரத்தில் எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம் வந்தது.

பிரிட்ஜைத் திறந்து ஆரஞ்சு ஜூஸை எடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். குடித்தால் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவான், கொஞ்சம் தாமதமாகப் போவான், ஒரு குருவிக்கும் தெரியாது. வேலை போனால் இன்சூரன்ஸ் போகும், இன்சூரன்ஸ் போனால் அந்த ஊசிக்கே வழி இல்லை. எல்லாம் தெரிந்துதான் ஜூஸ் பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு டிப்போவுக்குப் போன் போட்டேன். ஹூடாக் எடுத்தான். டிப்போவுக்கு அவன்தான் பொறுப்பு, வெண்டெலுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே நண்பன்.

வெண்டெலுக்குச் சுகர் இறங்கியிருக்கிறது, நிறுத்து என்றேன். ஞாயிற்றுக்கிழமையும் என்று ஆரம்பித்தேன். அவன் குறுக்கிட்டான்.

"லோரீன், இன்னிக்கு உடம்பு சரியில்லன்னா லீவு போட்டுக்கலாம். ஞாயித்துக்கிழமை சமாச்சாரத்தக் காதுல வாங்கிட்டேன்னா அப்புறம் என்னால வாங்காத மாதிரி இருக்க முடியாது. வாங்கணுமா?"

"வாங்கிக்கோ," என்றேன். சொன்னேன்.

சொல்லி முடிப்பதற்குள் எஞ்சின் சத்தம் கேட்டது. போனைப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ் கதவு சாத்தியிருந்தது. கண்ணாடியில் ஓங்கி ஓங்கித் தட்டினேன். உள்ளேயிருந்து என்னை முன்பின் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பஸ் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. முன்னால் போய் நிற்கத்தான் நினைத்தேன். அதற்குள் பஸ்ஸிலிருந்த ரேடியோ கரகரத்தது.

"பஸ் பதினாலு, ஹூடாக் பேசறேன். எஞ்சின அணை. இருக்கிற எடத்துலயே இரு."

நான் சொல்லி ஒரு நாளும் எதையும் கேட்காதவன், ரேடியோ சொன்னதும் அணைத்துவிட்டான். கதவையும் திறந்தான். படியேறி அவன் தாடையைப் பிடித்து, குழந்தைக்குக் கொடுப்பதுபோல் ஜூஸை மடக்கு மடக்காகக் கொடுத்தேன். பாதி சட்டையில் கொட்டியது. மெல்ல மெல்ல அவன் கண்ணுக்குள் அவன் திரும்பி வந்தான்.

ஹூடாக் தன் வண்டியில் பறந்து வந்து பஸ்ஸை எடுத்துக்கொண்டான். ஏறுமுன் என் காதருகே, நர்ஸ் சொன்னதாகச் சொல்லிவிடுகிறேன், அவன் எப்படியும் அப்படித்தான் நினைக்கப்போகிறான் என்றான்.  நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நூடுல்ஸைச் சுடவைத்து வெண்டெல் முன்னால் வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டான்.

"அந்தப் பொம்பள போட்டுக்குடுத்துட்டா பாத்தியா. நான் அப்பவே சொன்னேன்."

தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். டிப்போவே நம்பும். மிச்ச வாழ்நாளுக்கு எங்கள் வீட்டில் சண்டை இருக்காது. ஆனால் அடுத்த வாரமும் அத்தனை டிரைவர்களும் அவளிடம் இல்லை, இல்லவே இல்லை என்று புளுகிவிட்டு மலை இறங்குவார்கள்.

"அவ சொல்லல. யாரப் பத்தியும் சொன்னதே கிடையாதாம். நான்தான் சொன்னேன்," என்றேன்.

முள்கரண்டியைக் கீழே வைத்தான். கத்துவான் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜன்னல் பக்கம் திரும்பி, பஸ் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். 

"மேல கடைசி வீட்டுல பிரின்லின்னு ஒண்ணாங்கிளாஸ் பொண்ணு," என்றான்.  "வாசல்ல அவ அம்மா நிக்கலன்னா எறக்கி விடக் கூடாது. அப்பன்காரன் வந்து நிப்பான், கேப்பான், குடுக்கக் கூடாது. ஹூடாக்குக்கு அது தெரியாது."

நான் அவனையே பார்த்தேன். அவன் திரும்பவில்லை.

"போனப் போட்டுச் சொல்லு. அதுலதான் நீ கெட்டிக்காரியாச்சே."

போனை எடுத்தேன். டிப்போ நம்பரை அழுத்தி, ரேடியோவில் ஹூடாக்கிடம் சொல்லச் சொன்னேன்.