கிளாரினெட்டுக்கு விட்ட இடம்

பாப்பாயிக்குப் பாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் யாரிடமும் பதில் கிடையாது. அவளைப் பெற்ற செல்லாயிக்குப் பாட்டென்றால் காத தூரம். செல்லாயி தாலாட்டுப் பாடினால் தூங்குகிற பிள்ளையும் எழுந்து அழும். சேந்தமங்கலம் ரோட்டில் ஒரு கோழிப் பண்ணையில் தாயும் மகளும் முட்டை பொறுக்கினார்கள். கூண்டு வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே பாப்பாயி சொந்தமாகக் கட்டிப் பாடுவாள். வராத மழையைத் திட்டி ஒன்று, லாரிக்காரனைக் கேலி பண்ணி ஒன்று, மேஸ்திரியின் மீசைக்கு ஒன்று. மீசைப் பாட்டு மேஸ்திரிக்கே மனப்பாடம்.

நாமக்கல்லில் ரேடியோ செட்டும் கேசட் கடையும் வைத்திருந்த கந்தப்பன், எண்பத்து மூன்றாம் வருஷம் அவள் பாட்டைக் கேட்டுவிட்டுச் சேலத்துக்குக் கூட்டிப்போனான். துணைக்குப் பக்கத்து வீட்டு அத்தாயி போனாள். மாடியில் சுவரெல்லாம் சாக்கு அடித்த ஓர் அறை. மூச்சு முட்டும் புழுக்கம். பாப்பாயி ஏழு பாட்டுப் பாடி முடித்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க. கடைசியா ஒரு ஒப்பாரி பாடீருங்க. இப்ப அதுதான் ஓடுது" என்றான் கந்தப்பன்.

பிணம் இல்லாமல் ஒப்பாரியா? அப்பனை நினைத்துப் பார்த்தாள். இவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்ச் சேர்ந்தவர் அவர். முகமே தெரியாத மனுஷனுக்குச் சொல் எப்படி வரும்? வாசிக்க வந்திருந்த கிளாரினெட்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். பாப்பாயி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் தன் அம்மாவைக் கிடத்தினாள். பாவி மகள், கல்லுக்குண்டாக உயிரோடு இருக்கிறவளை! அதன்பின் பாட்டு பொத்துக்கொண்டு வந்தது.

கருக்கல்ல கூடை எடுத்துக்
கோழிக் கூண்டு போனவளே,
கூடை திரும்பிருச்சே
நீ மட்டும் எங்க நின்னே?

அடிக்கு அடி கிளாரினெட் தனியாக அழ இடம் விடச் சொன்னான் கந்தப்பன். பாப்பாயி மனசுக்குள் எட்டு எண்ணிவிட்டு அடுத்த அடியை எடுத்தாள்.

பஸ் இறங்கி வந்தவள் நேரே வீட்டுக்குள் போகாமல் கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டாள்.

"எந்த ஊட்டுச் சாவுக்குப் போயிட்டு வாரே?" என்று கேட்டாள் செல்லாயி.

"போன எடத்துல, ஓமலூர்லம்மா. அத்தாயக்கா சொந்தக்காரங்க." அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டுப் பாப்பாயி இன்னொரு குடம் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டாள்.

ரெண்டே மாதம். முட்டை ஏற்ற வந்த லாரியிலிருந்து அந்தப் பாட்டு கிளம்பியது. பண்ணைப் பெண்கள் அத்தனை பேரும் செல்லாயியைத் திரும்பிப் பார்த்தார்கள். செல்லாயி கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கடைசி அடி வரைக்கும் நின்று கேட்டாள். பாப்பாயி ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு, "புத்தி கெட்டுப்போச்சும்மா" என்று அழுதாள்.

"எந்திரி சாமி. எம்பட சாவுப் பாட்டை நானே காதுல கேட்டுட்டேன். இது எவளுக்குக் கெடைக்கும்?" சிரிக்கத்தான் பார்த்தாள் செல்லாயி. பாதியில் உதடு கோணிவிட்டது. "ஆனா அது ஊருக்குப் போயிருச்சு. நான் போறன்னைக்கு எனக்குன்னு ஒண்ணு பாடோணும். பாட்டுப் பொட்டியில ஏறாதது. வேற எவளுக்கும் பாடாதது. செய்வியா?"

"செய்யறேம்மா" என்றாள் பாப்பாயி.

செய்யவும் செய்தாள். முட்டை பொறுக்கும் நேரமெல்லாம் மனசுக்குள்ளேயே அந்தப் புதுப் பாட்டைக் கட்டினாள். வாய்விட்டுப் பாடிப் பார்க்கவில்லை. ஒருமுறை பட்ட பயம் போதாதா? உயிரோடு இருக்கிறவள் காதில் விழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பேர் வந்தது. என்ன பேர்? ஒப்பாரிப் பாப்பாயி. அந்த ஏழு பாட்டையும் ஒரு நாய் சீண்டவில்லை. கல்யாண வீட்டில் அவள் வாசற்படி ஏறினாலே முகம் சுளித்தார்கள், கோயில் நோம்பிக்கும் கூப்பிடவில்லை. பண்ணையக்காரர் வீட்டில் இழவு விழுந்தால் மட்டும் கார் அனுப்பினார்கள். கூடவே கந்தப்பனின் மைக் செட்டும் கிளாரினெட்டும் வரும். "கேசட்ல இருக்கற மாதிரியே பாடு தாயி" என்பார்கள். மூன்று வருஷம், முன்பின் தெரியாத பிணங்களுக்கெல்லாம் அந்த ஒரே பாட்டு. நடுவில் எட்டு எண்ணுவாள், அடுத்த அடியை எடுப்பாள்.

ரெண்டாவது கேசட்டுக்குப் புது ஒப்பாரி வேண்டுமென்று கந்தப்பன் நடையாய் நடந்தான். "ஒண்ணு இருக்குதுங்க. அது மட்டும் தர மாட்டனுங்க" என்றாள். கோபித்துக்கொண்டு போனவன் வேறொருத்தியைப் பிடித்துக்கொண்டான். பாப்பாயிக்கு அதில் துளி வருத்தமில்லை. அம்மாவுக்கென்று ஒன்றையாவது காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்ற நிம்மதி அவளுக்கு.

எண்பத்து ஆறில், மாசி மாதம், நாலு நாள் காய்ச்சலில் செல்லாயி போய்விட்டாள்.

வாசலில் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நடுவில் பாப்பாயி. மைக் இல்லை, கிளாரினெட் இல்லை. இதோ, இந்த நாளுக்குத்தானே மூன்று வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள்! அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"கருக்கல்ல கூடை எடுத்து..."

வந்தது கேசட் பாட்டு. நிறுத்தப் பார்த்தாள், தொண்டை கேட்கவில்லை. பழகிய தடத்தில் அதுபாட்டுக்குப் போனது. புதுப் பாட்டின் முதல் சொல்லைத் தேடினாள். இல்லை. ஒரு தடவையாவது நாக்கில் ஏறியிருந்தால்தானே வரும்! அடி முடிந்ததும் அவள் சட்டென்று நின்றாள். சுற்றியிருந்த பெண்கள் காத்திருந்தார்கள்.

"பெத்தவளாச்சே, தொண்டை அடைச்சுப்போச்சு பாவம்" என்று அத்தாயி முதுகைத் தடவினாள்.

தொண்டை அடைக்கவில்லை. பாப்பாயி உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஆறு, ஏழு, எட்டு. எண்ணி முடித்ததும் அடுத்த அடியை எடுத்தாள். பெற்ற தாயின் பிணத்துக்கு முன்னால், கிளாரினெட்டுக்கு இடம் விட்டு விட்டு, கேசட்டில் இருக்கிற மாதிரியே கடைசி வரைக்கும் பாடினாள்.

செல்லாயியைத் தூக்கிப்போன பிறகு பெண்கள் எல்லோரும் கிணற்றடியில் குளித்தார்கள். அத்தாயி ரெண்டாவது குடத்தைத் தலையில் கவிழ்த்தபோது பாப்பாயிக்கு அந்தப் புதுப் பாட்டு முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரைக்கும் முழுசாக வந்து நின்றது. ஈரச் சேலையோடு சுடுகாட்டுப் பாதையைப் பார்த்து ஓடப் போனவளை அத்தாயி இழுத்துப் பிடித்தாள்.

"எங்க சாமி போறே? தலைக்கு ஊத்தியாச்சு. இனி அழுகக் கூடாது" என்றாள்.