முட்டி நீங்கலாக

1

இந்தக் கதை என் பயத்தில் பிறந்தது. நான் எழுதிப் பிழைக்கிறவன். மாதச் சம்பளம் கிடையாது, வீட்டுக்கடன் உண்டு. உழைக்க முடியாமல் போனால் வருமானத்துக்கு ஈடு தருகிற திட்டம் ஏதாவது இருக்கிறதா என்று ஓர் இன்சூரன்ஸ் ஏஜென்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கை உடைஞ்சா பணம் வரும் சார். கற்பனை வத்திப்போனா கம்பெனி பொறுப்பில்ல" என்றார். அவரை அனுப்பிவிட்டு, என் பயத்தைத் தலையில் கட்ட ஓர் ஆளைத் தேடினேன். இதற்குத்தான் இலக்கியம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

2

முதல் வரி: "வெளியே மழை தூறிக்கொண்டிருந்தபோது அவர் தன் எதிர்காலத்தை…"

(அடித்துவிட்டேன். எதிர்காலத்தை விளம்பரக்காரர்கள் மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்துவிட்டார்கள்.)

இரண்டாவது: "அவர் டைல்ஸ் ஒட்டுகிறவர்." இது நிற்கட்டும். சொந்தத் தொழில். பகல் முழுக்க அடுத்தவர் வீட்டுக் குளியலறையில் முட்டி போட்டு நகர்ந்து, ரப்பர் சுத்தியலால் தட்டித் தட்டி மட்டம் பார்க்கிறவர். 'எனக்கு நான்தான் முதலாளி' என்று வாய்க்கு வாய் சொல்வார். வரி பிடித்தம் போகச் சம்பளம் வாங்குகிற மச்சானை ஏமாளி என்பார்.

3

அவர் வீட்டுக் கூடத்தில் ஏஜென்ட் உட்கார்ந்திருக்கிறார். (அதே ஏஜென்ட்தான். புது ஆளைப் படைக்க எனக்குச் சோம்பல்.) டைல்ஸ்காரரின் மனைவிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலை மட்டும் கொடுத்திருந்தேன்.

"வருமானம் எவ்வளவுண்ணே?"

"எதுக்கு? வரிக்கா, பேங்குக்கா?"

(இங்கே சிரித்தவர்கள் எல்லோரும் சொந்தத் தொழில்காரர்கள்.)

கடன் கேட்டபோது அவர் பெரிய புள்ளி. வரி கட்டும்போது அன்றாடங்காய்ச்சி. இரண்டு பேரும் இத்தனை காலம் ஒரே சட்டைக்குள் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தினார்கள். ஏஜென்ட் உதட்டைப் பிதுக்கினார்.

"வரிக்குக் காட்டினதுக்குத்தான் ஈடு தருவாங்கண்ணே. அதுலயும் ஒரு பங்குதான். உங்க வீட்டுக்கடன் தவணைக்குப் பாதிகூடக் காணாது."

டைல்ஸ்காரரின் முகம் போன போக்கை ஒரு பத்தி வர்ணிக்க ஆசைப்பட்டேன். மனைவி முந்திக்கொண்டார்.

"வீடு கைய விட்டுப் போச்சுன்னா உங்க ஜம்பத்தையா விரிச்சுப் படுக்கிறது?"

(இந்த வசனத்தை நான் கொடுக்கவில்லை.)

4

இன்னொரு திட்டம் இருந்தது. அது வருமானத்தைத் துருவாது. ஆள் முடங்கிவிட்டால் வீட்டுத் தவணையை மட்டும் கட்டும். ஆனால் உடம்பைப் பற்றிக் கேட்கும்.

"முட்டி வலி ஏதாவது உண்டாண்ணே?"

"உண்டுன்னா?"

"முட்டி நீங்கலா மத்ததுக்கெல்லாம் தருவாங்க."

"முட்டிய விட்டா எனக்கு வேற என்னய்யா இருக்கு?"

"அப்ப இல்லன்னே சொல்லிடுங்க."

(பின்னால் மருந்துக்கடை ரசீது வரைக்கும் தோண்டிப் பார்த்து, பொய் சொன்னாய் என்று கையை விரிப்பார்கள். ஏஜென்ட் இதைச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.)

"வலி இருக்கு தம்பி" என்றார் மனைவி. "தைலம் தேய்ச்சுவிடுறவ நான்தான்."

ஏஜென்ட் சாந்தமாகச் சிரித்தார். "நீங்க சொன்னது என் காதுல விழலக்கா. அண்ணன் சொல்லட்டும்."

5

'உண்டு' என்று எழுதிப் பார்த்தேன். மனிதர் மாதாமாதம் பணம் கட்டி, தான் பிழைப்பு நடத்தாத உறுப்புகளையெல்லாம் பத்திரப்படுத்திக்கொண்டார். 'இல்லை' என்று எழுதினேன். மனைவி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், அதற்கு மேல் என்னால் ஒரு வரிகூட…

எந்தப் பதிலைச் சொன்னாலும் ஏஜென்டுக்குக் கமிஷன் வந்துவிடும். எந்த முடிவை எழுதினாலும் எனக்குச் சன்மானம் வந்துவிடும். அதனால் எங்கள் இருவர் பேச்சையும் நம்பாதீர்கள். அந்தப் புருஷன் பெண்டாட்டிக்காக வருத்தப்படுகிறேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. வீடு போனால் போவது அவர்களுக்கு.

ஆகவே டைல்ஸ்காரருக்காக நீங்களே பதில் சொல்லுங்கள். முணுமுணுத்துவிட்டு நழுவலாம் என்று பார்க்காதீர்கள். மனைவி பக்கத்தில்தான் நிற்கிறார், அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.