ராத்துவின் படம்

பிஜித் தீவில், ஜான்கியின் வீட்டில் ஒரு பழைய படம் மாட்டியிருந்தது. வெள்ளைக்கார மாஜிஸ்ட்ரேட்டும், ராத்து என்று எல்லோரும் அழைக்கும் பக்கத்துப் பூர்வகுடி ஊர்த் தலைவரும் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள். பின்னால் குடை பிடித்து நிற்கும் ஆயா, ஜான்கியின் அம்மா. ஜான்கிக்கு ஆறு வயதாகும்போதே அவள் செத்துப்போனாள். அவளுக்கு வேறு படம் கிடையாது.

குடை பிடிப்பவள் அம்மா என்பது புருஷன் வெங்கடசாமிக்குத் தெரியாது. துரை பங்களாவில் கிடந்தவள் என்று மாமியார் அம்மாவைக் கேவலமாகப் பேசுவாள். அதனால், அப்பா கொடுத்த ராத்து படம் என்று மட்டும் சொல்லி மாட்டியிருந்தாள். மாமியார் போன பிறகும் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

இரண்டாயிரத்தில் தலைநகர் சுவாவில் இந்திய வம்சாவளிப் பிரதமரின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். பினாங்கு சர்க்கரை ஆலைப் பக்கம் இந்தியர்களின் கரும்பு எரிந்தது. நிலக் குத்தகையும் முடிந்துவிட, மகள் ரஞ்சனா சிட்னிக்குக் கூப்பிட்டுக்கொண்டாள். நிலத்துக்குச் சொந்தக்காரன் சைலோசி, அந்த ராத்துவின் பேரன். கலவரத்தில் இவர்கள் வாசலில் காவல் இருந்தவன். விடைபெற வந்தவனுக்கு வெங்கடசாமி படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஜான்கி அப்போது கோயிலில் இருந்தாள்.

திரும்பி வந்தவள் வெறும் சுவரைப் பார்த்தாள்.

"அவன் தாத்தா படம்தானே, நமக்கெதுக்கு?" என்றார் வெங்கடசாமி.

இரண்டு நாள் தயங்கிவிட்டு சைலோசி வீட்டுக்குப் போனாள். அவன் சந்தோஷமாகப் புதுச் சட்டம் போட்ட படத்தைக் காட்டினான். ராத்து மட்டும் பெரிதாக இருந்தார்.

"வெள்ளைக்காரன் வேண்டாம்னு ஸ்டூடியோவில் சொல்லிட்டேன் தீதி," என்றான், அக்கா என்று முறை வைத்து, அங்கே எல்லோரும் பேசும் இந்தியில்.

"பழசு?"

"கண்ணாடியில ஒட்டிக் கிழிஞ்சிருச்சாம். குப்பையில போட்டு எரிச்சுட்டாங்க."

அவன் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லி எழுந்து வந்தாள்.

வீட்டில் துணி மடித்துக்கொண்டே புருஷனிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஜான்கி."

"சொல்லியிருந்தா உங்கம்மா அந்தப் படத்தை வீட்டுல விட்டிருப்பாங்களா?"

அவர் அவள் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார்.

"உங்கம்மா எப்படி இருப்பாங்க? சொல்லு."

ஒல்லியாக இருப்பாள், என்று தொடங்கினாள். முக்காடு போட்டிருப்பாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியிருப்பாள். வேறு ஏதாவது, குரல், கை, சோறு ஊட்டியது, எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று தேடினாள். படத்தில் குடை பிடித்துக்கொண்டிருப்பாள் என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் வரவில்லை.