லோரினின் ஆறு அம்புகள்

ஆறாவது அம்புக்கும் இறகு ஒட்டி முடித்தபோது லோரினுக்குப் பசி வந்துவிட்டது. சமையலறை மேசை முழுக்கப் பசை. பசை நாற்றத்தில் எல்க் மான் கறியின் வாசமே தெரியவில்லை என்று மனைவி ஆர்டித் அடுப்படியிலிருந்து குறைபட்டாள். கறியைவிடப் பசைக்கு ருசி கூடுதலாக இருக்கும் என்றான் அவன். சொல்லிவிட்டு, அந்தக் கறியை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். மறுநாள் காலை புல்வெளிக்குத் தண்ணீர் திருப்பப் போனவன் வாய்க்கால் ஓரத்திலேயே விழுந்து இறந்துபோனான்.

அது ஜூன் மாதம். ஆகஸ்டில் ஆர்டித் தன் வில்லை எடுத்துக்கொண்டு ஹார்லனின் வில் கடைக்குப் போனாள். சால்மன் ஊருக்கு மேலே உள்ள மலைகளில் கணவனும் மனைவியுமாக முப்பது இலையுதிர் காலம் வேட்டைக்கு அலைந்தவர்கள். அவளுக்கென்று நல்ல அம்புகள் இருந்தன. ஆனாலும் இந்த வருஷத்து எல்க்கை லோரின் செய்து வைத்துப்போன அம்பால்தான் அடிப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

அம்புகள் அவள் பேச்சைக் கேட்கவில்லை. கடைக்குப் பின்னால் ஒரு சட்டத்தில் காகிதத்தை இழுத்துக் கட்டி, நாலடி தள்ளி நின்று அதன் வழியாக எய்து பார்ப்பார்கள். நேராகப் போகும் அம்பு வட்டமாக ஒரு துளையும் இறகுகளுக்கு மூன்று கீறலும் மட்டும் விடும். அவள் எய்ததெல்லாம் காகிதத்தை உள்ளங்கை அகலத்துக்குப் பக்கவாட்டில் கிழித்தது. வேட்டைக்கான வெட்டு முனையை மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். ஒன்று போய் ஹார்லனின் டிராக்டர் டயரில் குத்தி நின்றது.

ஹார்லன் வில்லில் இருந்த அம்பு தாங்கியை மயிரிழை நகர்த்தினான். நாணை மாற்றினான். பிறகு அவள் கட்டைவிரல் வில்லை முறுக்குகிறது என்றான். கடையில் காபி குடிக்க வருகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. சட்டைக் கை நாணில் உரசுகிறது என்றார் ஒருவர். புதுக் கண்ணாடிதான் காரணம் என்றார் இன்னொருவர். ஆர்டித் கையை மடித்துவிட்டாள், கண்ணாடியைக் கழற்றினாள், விரலைத் தளர்த்தினாள். அம்பு மட்டும் மாறவில்லை.

வேட்டை தொடங்கப் பத்து நாள் இருக்கும்போது லோரினின் தங்கை வில்டா போய்சி நகரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். காகிதத்தைப் பார்த்தாள். ஒரு அம்பை எடுத்து இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தாள்.

"ஏன்டி, இது எங்கண்ணன் வில்லுக்குன்னு எடுத்த தண்டு. அவன் வில்ல இழுக்க எழுபது பவுண்டு பலம் வேணும். உன்னோடதுக்கு அம்பதுகூட வேணாம். வளைஞ்சு குடுக்காத இவ்வளவு வெறைப்பான தண்டு உன் வில்லுல எப்படி நேரா போகும்?"

ஹார்லன் தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"உனக்குத் தெரியுமா?" என்று ஆர்டித் அவனிடம் கேட்டாள்.

"மொத நாளே தெரியும்."

"அப்புறம் என் கட்டைவிரலை எதுக்குக் குத்தம் சொன்னே?"

"அவன் செஞ்ச அம்பு தப்புன்னு நான் எந்த வாயால சொல்றது?"

அவள் அவனையே பார்த்தாள். பிறகு காபிக்காரர்களைப் பார்த்தாள். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

"அப்ப என் கண்ணாடி?"

"அது நல்ல கண்ணாடிதான்" என்றார் அதைக் குறை சொன்னவர்.

ஆர்டித் வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து சிரித்தாள். ஜூனுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. சிரித்து ஓய்ந்ததும் அம்புகளைக் கட்டி வைக்கச் சொன்னாள். ஆடிக்கொண்டே போகிற அம்பு ஆழமாக இறங்காது. காயத்தோடு ஓடும் மிருகம் எங்கேயோ கிடந்து சாகும். லோரினுக்காக என்றாலும் அதை அவள் செய்யமாட்டாள்.

அப்போதுதான் ஹார்லனுக்குப் பேச்சு வந்தது. அவன் மனதில் ஒரு வழி முதலிலேயே இருந்தது. அதைச் சொல்ல அம்பைக் குறை சொல்லியாக வேண்டும் என்றுதான் முழுங்கிக்கொண்டிருந்தான். தண்டை வெட்டிக் குட்டையாக்கினால் விறைப்பு கூடத்தான் செய்யும். ஆனால் முன்னால் கனம் ஏற்றினால், அந்தக் கனத்தைத் தள்ளும்போது தண்டு வளைந்து கொடுக்கும். இரண்டு பங்கு கனமான முனையைப் போட்டான், கிழிசல் பாதியானது. அதைவிடக் கனமானதைப் போட்டான். காகிதத்தில் வட்டமாக ஒரு துளை, மூன்று கீறல். வெட்டு முனையும் அதே இடத்தில் போய்க் குத்தியது. டயர் தப்பியது என்று யாரோ சொன்னார்கள்.

கனமான அம்பு சீக்கிரம் தாழ்ந்துவிடும், இருபது கஜத்துக்கு மேல் எய்யாதே என்றான் ஹார்லன்.

"எங்கண்ணனும் அதுக்கு மேல அடிச்சதில்லை. அவன் கண்ணு லட்சணம் அவ்வளவுதான்" என்றாள் வில்டா.

செப்டம்பரின் இரண்டாவது வாரம், வெளிச்சம் வந்த சற்று நேரத்தில், வில்டா ஊசியிலை மரங்களுக்குள் உட்கார்ந்து ஊதுகுழலில் பெண் எல்க் போலக் குரல் கொடுத்தாள். எதிர்ச்சரிவிலிருந்து ஆண் எல்க் பதில் சொன்னது. பிறகு கிளை முறிகிற சத்தம். கொம்பைச் சாய்த்துக்கொண்டு, சேறும் மூத்திரமும் நாற, அது நேராக வந்தது. அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்தபோது, வில்டாவுக்கு முன்னால் பதுங்கியிருந்த ஆர்டித் நாணை இழுத்தாள். இருபது கஜத்துக்கும் குறைவு. அம்பு ஆடாமல் போனது. தோளுக்குப் பின்னால் நுழைந்து மறுபக்கம் வெளியேறியது. எல்க் கொஞ்ச தூரம் ஓடி, நின்று, படுத்துவிட்டது.

"நான் நல்லா கூப்பிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்" என்றபடி வில்டா வந்தாள்.

"கிழட்டுப் பசு கத்தின மாதிரி இருந்துச்சு. அதுக்கு மயங்கி ஓடி வந்திருக்கு பாரு, இந்த மடையன்."

இருவரும் கறியை அறுத்துத் துணிப்பைகளில் கட்டி நிழலில் தொங்கவிட்டார்கள். வெயில் ஏறி ஓடைப் பள்ளத்துக்குள் விழுந்ததும், விடிந்ததிலிருந்து மலையிலிருந்து கீழே வீசிக்கொண்டிருந்த காற்று நின்றது. சிறிது நேரத்தில் மேல்நோக்கித் திரும்பியது. விடியற்காலையிலேயே திரும்பியிருந்தால் மனித வாடை பட்டு எல்க் வந்தே இருக்காது. வெயில் பட்டால் அந்த ஓடையில் காற்று அப்படித்தான் திரும்பும்.