வெள்ளைத் தொப்பிக்கு ஓர் ஆணி

அன்று காலை என் கணவர் சவரிநாதன் கதவோரச் சுவரில் ஓர் ஆணி அடித்தார்.

"தொப்பியே வரல, அதுக்குள்ள ஆணியா?" என்றேன்.

"வரும் பாரேன். நீ யாராண்டயும் சொல்லிக்கினு இருக்காத" என்று சிரித்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

திருவொற்றியூரில் அவர் வேலை பார்த்த கன்டெய்னர் யார்டில் நிரந்தர ஆட்களுக்கு வெள்ளை ஹெல்மெட், வீட்டுக்குக் கொண்டுபோகலாம். கான்ட்ராக்ட் ஆட்களுக்கு மஞ்சள். மாலையில் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். ஒரே வேலைதான். மஞ்சளுக்குச் சம்பளம் பாதி. இவருக்கு மஞ்சள்தான். இவர் சேர்ந்த பதினொரு வருடத்தில் ஒரு ஷெட் நான்கானது, முதலாளிக்குக் கண்ணாடி பதித்த மூன்று மாடி ஆபீஸ் எழும்பியது. வெள்ளைத் தொப்பிகள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன. யாரும் வாய் திறக்கவில்லை.

அதற்கு ஒரு வாரம் முன்னால், கூட வேலை செய்யும் காலித் ஒரு மனு எழுதி வீட்டுக்கே கொண்டுவந்தான். பாரம் தூக்கும் இரும்புக் கயிறு இழை பிரிந்து கிடக்கிறது, மாற்ற வேண்டும்; ஒரே வேலைக்கு ஒரே சம்பளம் வேண்டும் என்று இருந்தது.

"மொதல்ல நீ கையெழுத்து போடு நைனா" என்றார் இவர்.

"நீங்கல்லாம் போடுங்க மாமு, நா கடசீல போட்டுக்கிறேன்."

இவர் முகம் மாறிவிட்டது. அவன் போனதும், "எழுதினவனே கையெழுத்து போடல, பாத்தியா? மேனேஜரு ஆளு அவன். எவன் எகிர்றான்னு நோட்டம் பாக்க வந்துகீறான்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. "நமக்கு எதுக்கு பேஜாரு? போடாதீங்க" என்றேன். நான்தான் சொன்னேன். அந்த மனு போகவே இல்லை.

ஆணி அடித்த அன்று பதினொரு மணிக்குக் கயிறு அறுந்தது. பாரத்துக்குக் கீழே இவர் நின்றிருந்தார்.

அவருக்காகச் சர்ச்சில் வைத்த முப்பதாம் நாள் பூசை முடிந்து, வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். காலித்தும், அதே யார்டில் வேலை செய்யும் ஸ்டானிஸ்லாஸும் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

"இன்னாக்கா, அங்க ஒத்த ஆணி?" என்றான் காலித்.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "வெள்ளத் தொப்பி மாட்டத்தான். பர்மனென்ட் ஆக்குற லிஸ்ட்ல இவரு பேருதான் மொதல்ல கீதுன்னு மேனேஜரு சொன்னாராம். வெளில சொன்னா போயிடும்னாராம்."

காலித் டம்ளரைக் கீழே வைத்தான். "என்னாண்டயும் அதேதான்க்கா சொன்னான் அந்தாளு. அதுக்குப் பயந்துதான் நா மொதக் கையெழுத்து போடல."

ஸ்டானிஸ்லாஸ் மெல்ல நிமிர்ந்தார். "எனக்குந்தாம்பா சொன்னான். பொண்டாட்டியாண்ட கூட நா சொல்லல. உங்க ரெண்டு பேரையும் மேனேஜரு ஆளுன்னு நெனச்சிகினு இருந்தேன். மூணு பேருக்கும் மொத எடமா? இன்னா லிஸ்டுப்பா அது!" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "நாம பயந்து மட்டும் பொறுத்துக்கல. ஆசப்பட்டுப் பொறுத்துகினோம்" என்றேன். "மேல போற ஏணி நமக்கு மட்டும் கீதுன்னு ஒவ்வொருத்தரும் நம்பினோம். பக்கத்துல நின்னவன சந்தேகப்பட்டோம், மேல ஒக்காந்தவன நம்பினோம். அந்த ரகசியத்த ஒருத்தருக்கொருத்தர் சொல்லியிருந்தா அன்னிக்கே அவன் சாயம் வெளுத்திருக்கும்."

அதே மனுவைத் திரும்ப எழுத காலித் பேனா கேட்டான். இந்த முறை முதல் கையெழுத்து அவனுடையது.

மறுவாரம் கயிற்றை மாற்றினார்கள். சம்பளத்தைப் பற்றிப் பதில் வரவில்லை. அதற்காக இரண்டாவது மனு போயிருக்கிறது.

அவர் கடைசியாகப் போட்டிருந்த மஞ்சள் தொப்பியையாவது கேட்டுப் பார்த்தேன். அது யார்டு சொத்து என்றார்கள். ஆணி வெறுமனே இருக்கிறது.