ஐந்து புள்ளி எட்டுக்கு ஒரு மாரடைப்பு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது செம்பாக்கத்தில், எங்கள் அடுக்ககத்தின் பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக. ஒட்டுக்கேட்டேன் என்று எழுத மாட்டேன். தொலைபேசித் துறையில் பழகிய காதுக்கு மட்டும் அரசாங்கத்தால் ஓய்வு கொடுக்க முடியவில்லை.

முதல் வரி: "ஹெப்சி தன் மதிப்பெண்களைப் பார்த்து அழுதாள்." [அடித்துவிட்டேன். அழுதது அவள் அப்பா சாலமன்.]

2

பொறியியலில் ஹெப்சிக்குப் பத்துக்கு ஐந்து புள்ளி எட்டு. கணக்கில் அரியர். அப்புறம் சிறுசேரியில் வேலை, பதவி உயர்வு, எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் தொண்ணூற்றெட்டு பெர்சன்டைல். (நூற்றிரண்டு என்றுதான் எழுதியிருந்தேன். என் மனைவி புஷ்பலதா விடவில்லை.) அவள் ஆசைப்பட்ட கல்லூரி கேட்டது ஒன்றுதான்: பட்டப்படிப்பில் மதிப்பெண் ஏன் குறைந்தது, எழுதுக.

"எனக்கு ஹார்ட் அட்டாக்னு போட்டுடும்மா," என்றார் சாலமன். "செகண்ட் இயர்ல. யார் வந்து செக் பண்ணப் போறா?"

"உங்களுக்கு ஜலதோஷம்கூட வந்ததில்லையேப்பா."

"அதான். இந்த உடம்பு இதுவரைக்கும் ஒண்ணுத்துக்கும் யூஸ் ஆகல."

ஹெப்சி எழுதிவிட்டாள். அனுப்ப ஞாயிறு மாலை வரை நேரம் இருந்தது.

3

அவள் அம்மா அருள்மேரிக்குப் பொய் ஆகாது. ஆகவே அந்த மாரடைப்பை, எந்த வருடம் என்று சொல்லாமல், சபையின் ஜெபக்குழுவில் விண்ணப்பமாகக் கொடுத்துவிட்டார். நாலு பேர் ஜெபித்துவிட்டால் பாதி உண்மையாகிவிடும் என்று கணக்கு.

ஞாயிறு மதியம் ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக நானூறு பெண்கள் படியேறி வந்தார்கள். [ஏழு பேர்.] கதவைத் திறந்த சாலமன் கையில் பேட்மின்டன் மட்டை. உடம்பெல்லாம் வியர்வை.

"படுத்துகினு இல்லையா பிரதர்?" என்று கேட்டார் பம்மலிலிருந்து வந்த கிறிஸ்டினா.

"டாக்டர் நடக்கச் சொன்னாரு சிஸ்டர்."

"பேட்டோடயா?"

உட்கார வைத்துத் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். முடித்ததும் கிறிஸ்டினா சாலமன் நெற்றியைத் தன் முந்தானையால் துடைத்தார். "எங்க வூட்டுக்காரருக்கும் இப்டிதான் வேர்த்துச்சு. ஒரு வாரந்தான் இருந்தாரு."

[இந்த இடத்தில் எனக்கு மிகைப்படுத்த வரவில்லை.]

ஹெப்சி எழுந்தாள். "ஆன்ட்டி, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் படிக்கல. அதுக்கு அவரை நோயாளி ஆக்கிட்டோம்."

"அப்போ நல்லா கீறாரா?"

"நல்லா இருக்கார் ஆன்ட்டி. சாரி."

கிறிஸ்டினா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார். "நல்லா கீறாருன்னா அதுவே போதும். இந்த ஜெபத்த உன் சீட்டுக்கு வச்சிக்கோ. இன்னொரு தபா என்னால படியேற முடியாது."

அன்று மாலையே ஹெப்சி பழையதை அழித்துவிட்டு, 'நான் படிக்கவில்லை' என்று எழுதி அனுப்பினாள்.

4

நேர்காணல் கணினித் திரையில். மூன்று பேர். நடந்தது ஆங்கிலத்தில், தமிழில் என் ஹெப்சி இன்னும் நன்றாகப் பேசுவாள் என்பதால் மாற்றியிருக்கிறேன்.

"படிக்கலன்னு எழுதியிருக்கீங்க. அதை வச்சு நாங்க என்ன செய்றது?"

"அன்னைக்குக் கணக்கு எதுக்குன்னு தெரியல சார். வேலைக்கு வந்தப்புறம், நான் போட்ட கணக்கு தப்பாகி என் டீமே லீவு நாள்ல உட்கார்ந்துது. அதுக்கப்புறம் சனிக்கிழமை கிளாஸ்ல சேர்ந்து முதல்லேருந்து படிச்சேன். அந்த மார்க்கும் அனுப்பியிருக்கேன். பழசு, புதுசு ரெண்டும் நான்தான்."

நடுவில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றி

[இந்த வாக்கியத்தை முடித்தால் எதையாவது சொல்லிவிடுவேன். நிறுத்திக்கொள்கிறேன்.]

5

முடிவு அ: இடம் கிடைக்கிறது. தாம்பரத்தில் மின்சார ரயில்கள் அவளுக்கு மரியாதையாக ஒரு நிமிடம் நிற்கின்றன.

முடிவு ஆ: கிடைக்கவில்லை. அடுத்த வருடமும் அதே இரண்டு சொற்களோடு விண்ணப்பிக்கிறாள்.

உண்மையில் பட்டியல் வருவது வியாழக்கிழமை. இன்று புதன். "ஒரு நாள் பொறுக்கக் கூடாதா?" என்கிறாள் புஷ்பலதா. மாட்டேன். தெரிந்தபின் எழுதினால் நான் அந்த மூவருக்குக் குமாஸ்தா.

அவர்கள் பார்த்த எல்லாவற்றையும் நீங்களும் பார்த்துவிட்டீர்கள். கிறிஸ்டினாவை அவர்கள் பார்க்கவில்லை. அந்த வகையில் உங்களுக்கு ஒரு படி கூடவே தெரியும். ஆகவே சீட் உண்டா இல்லையா என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள். அதற்குள் நான் கேம்ப் ரோடு போய் மைசூர்பாக்கு வாங்கிவந்துவிடுகிறேன்.